மொந்தனும் வாய்க்காலில் விழுந்த மருதமரமும்

குளத்தை ஒட்டிய காட்டில் செவலை என்று ஒரு மட்டக்குதிரை இருந்தாள். அவளுக்கு மொந்தன் என்று ஒரு மகன். மொந்தனுடைய அப்பா பெரிய பாரம் இழுக்கிற சாதி. அதனால் மகன் சின்ன வயதிலேயே அம்மாவை விட உயரமாகிவிட்டான். அகலமான மார்பு. குளம்பு ஒவ்வொன்றும் தாமரை இலை மாதிரி. ஆனால் பால் பல் ஒன்றுகூட இன்னும் விழவில்லை. அதை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் உடம்பைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருடம் அடித்த காற்றில் ஒரு மருதமரம் வேரோடு சாய்ந்தது. குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் குறுக்கே விழுந்தது. கிளைகளில் சருகும் சேறும் வந்து அடைத்துக்கொண்டன. தண்ணீர் மரத்துக்குப் பின்னால் தேங்கி, வழிந்து, வேறு பக்கம் திரும்பிப் பள்ளத்தில் ஓடிப்போனது.

வெயில் ஏற ஏறக் குளம் சுருங்கியது. நீர்நாய்க்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. அவள் நாள் முழுவதும் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் நகர்ந்து நகர்ந்து குட்டிகள் இருந்த வளையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

விலங்குகள் எல்லாம் கூடிப் பேசின. யானைகள் மலை தாண்டிப் போய்விட்டன. மரத்தை யார் இழுப்பது?

நரிக்குக் கூட்டம் என்றால் தான்தான் பேச வேண்டும். அவன் எழுந்து மொந்தனைக் காட்டினான். "இவ்வளவு பெரிய ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு யானையைத் தேடுறோமே. காட்டுக்கொடியைக் கட்டி இழுக்க விடுங்க. நாளைக்கே தண்ணி வந்துடும்."

செவலைக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் மெல்லச் சொன்னாள்.

"அவன் சின்னப் பையன்ணே. பால் பல்லுகூட விழல."

"பல்லாலயா தங்கச்சி இழுக்கப் போறான்?" என்றான் நரி.

எல்லோரும் சிரித்தார்கள். செவலை தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. மொந்தனுக்கோ பெருமை. தன்னைப் பெரிய ஆள் என்று சொல்லிவிட்டார்களே! அவனே முன்னால் வந்து நின்றான்.

மறுநாள் காலையில் குரங்குகள் அவன் மார்பைச் சுற்றிக் கொடி கட்டின. நீளமாக இரண்டு கொடிகளைப் பின்னால் விட்டு மரத்தில் முடிந்தன. நரி "இழு" என்றான். மொந்தன் முழு பலத்தையும் போட்டு இழுத்தான்.

மரம் அசையவில்லை. படாரென்று ஒரு பெரிய கிளை மட்டும் முறிந்து கொடியோடு வந்தது.

மொந்தனுடைய முதுகுக்குப் பின்னால் அதுவரை எதுவும் துரத்தி வந்ததில்லை. இப்போது சரசரவென்று சத்தத்தோடு என்னவோ வந்தது. திரும்பிப் பார்த்தான். ஓடினான். அவன் ஓட ஓட அதுவும் ஓடி வந்தது. குதிரையின் மனசுக்கு அப்போது வேறு என்ன தோன்றும்? இன்னும் வேகமாக ஓடினான். மணல்மேட்டில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு வைத்திருந்தது. கிளை அதன் மேலேயே இழுபட்டுப் போனது. கொடி பின்னங்காலில் சுற்றிக்கொண்டது. மொந்தன் குப்புற விழுந்தான்.

எலும்பு முறியவில்லை. அதுவே பெரிய விஷயம். ஆனால் கால் வீங்கிவிட்டது. கொடியைத் தூரத்தில் பார்த்தாலே அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. குருவி உடைந்த ஓடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. மரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நரி வந்து பார்த்தான். உடம்பு வளர்ந்து என்ன பிரயோஜனம், இது கோழை என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

செவலை மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். இந்த முறை சத்தமாகவே சொன்னாள்.

"நேத்து நான் வாயை மூடினதால என் பிள்ளை விழுந்தான். இனிமே அவனைப் பத்தி நான்தான் பேசுவேன். நீங்க போங்கண்ணே."

நரி போனான். நீர்நாய் மட்டும் போகவில்லை. அவள் கேட்கவும் முடியாமல், கேட்காமலிருக்கவும் முடியாமல் நின்றாள். அவளும் தாய்தானே.

செவலை அவளிடம் சொன்னாள். "உன் பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும். என் பிள்ளைக்குக் கால் வேணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி பார்க்கிறேன். ஆனா நான் சொல்ற மாதிரிதான் நடக்கணும்."

வீக்கம் வற்றும்வரை அவள் மகனை நிழலில் மெதுவாக நடக்கவிட்டாள். பிறகு குரங்குகளிடம் சொல்லி ஒரு பனை ஓலையைக் கொடியால் தன் மார்போடு கட்டவைத்து, பின்னால் மணலில் இழுத்துக்கொண்டு நடந்தாள். மொந்தனைப் பின்னால் வரச் சொன்னாள். அவன் தூரத்தில் நின்று மூக்கை விடைத்தான். ஓலை சரசரத்தது. ஆனால் அது அவனைத் துரத்தவில்லை. அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே அதன் பின்னால் போய் மோந்து பார்த்தான்.

அடுத்து ஓலையைப் பக்கத்தில் வைத்து நடந்தாள். அதற்கடுத்துத்தான் அவனுக்குப் பின்னால். அப்போதும் கொடியை முடிச்சுப் போட்டுக் கட்டவில்லை. அவன் மார்பைச் சுற்றி வந்த கொடியின் நுனியை ஒரு குரங்கு கையில் பிடித்து வந்தது. மொந்தன் மிரண்டால் உடனே விட்டுவிட வேண்டும் என்று செவலை சொல்லியிருந்தாள். அவன் களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவாள். இன்னும் போகலாம் அம்மா என்று அவன் கேட்பான். அப்படிக் கேட்கும்போதே நிறுத்துவது நல்லது என்று புல் மேய அனுப்பிவிடுவாள்.

நரி மேட்டில் உட்கார்ந்துகொண்டு, குளம் வற்றுகிறது, இங்கே தாயும் பிள்ளையும் ஓலை இழுத்து விளையாடுகிறார்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். அது பொய்யுமில்லை. கரையோரத்தில் மீன்கள் செத்து மிதந்தன. நீர்நாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனாள். செவலை அதைப் பார்த்தாள். மரத்தை இழுக்க இன்றைக்கே கொடியைக் கட்டிவிடலாமா என்று நினைத்தாள். மகனுடைய காலைப் பார்த்தாள். கட்டவில்லை.

அவள் முள்ளம்பன்றியிடம் போனாள். முள்ளம்பன்றி எந்தக் கட்டையையும் கடித்தே துண்டாக்கிவிடும். மருதமரத்தின் சின்னக் கிளைகளை முதலில் கடித்துக் கொடு, பெரியதை அப்புறம் பார்க்கலாம் என்று கேட்டாள். ஓலை இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் கிளை. அது பழகியதும் அதைவிடக் கொஞ்சம் பெரியது.

கிளைகளை வாய்க்காலிலிருந்து கொண்டுபோக ஒரே வழிதான். அது மணல்மேட்டு வழி. அங்கே வந்ததும் மொந்தன் நின்றுவிட்டான். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. மணலில் ஓடுகள் இன்னும் கிடந்தன. பக்கத்தில் ஆள்காட்டிக் குருவி நின்றது. மொந்தனால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குருவி அவன் முன்னால் நடந்து வந்து நின்றது. பிறகு சொன்னது.

"என் முட்டை போனது போனதுதான் தம்பி. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா உன் பின்னால என்ன வருதுன்னு அன்னிக்கு உனக்கு யாரும் காட்டல. நானும்தான் கூட்டத்துல சிரிச்சேன். போ. பார்த்துப் போ."

மொந்தன் குனிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அந்த ஓடுகளைச் சுற்றிப் போனான். பின்னால் கிளையும் சுற்றி வந்தது. அன்றைக்குத்தான் செவலைக்குத் தெரிந்தது, இனிமேல் இவனுக்குக் கொடியை முடிச்சுப் போட்டே கட்டலாம் என்று.

கிளை போகப் போக இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு கிளையோடும் அதில் அடைத்திருந்த சருகும் சேறும் கொஞ்சம் போனது. ஒரு நாள் காலையில் நீர்நாய் ஓடி வந்தாள். மரத்தின் அடியில் கயிறு மாதிரி தண்ணீர் வருகிறது என்றாள்.

கடைசியில் மொட்டை மரம் மட்டும்தான் மிச்சம். கொடியைக் கட்டினார்கள். செவலை மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். "உன்னால முடிஞ்ச வரைக்கும் போதும்டா" என்றாள்.

மொந்தன் இழுத்தான். மரம் நகரவில்லை. மறுபடி இழுத்தான். மரத்தின் நுனி கொஞ்சம் திரும்பி, கரைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. செவலை உடனே கொடியை அவிழ்க்கச் சொன்னாள். அந்தச் சந்து போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் தேங்கி நின்ற தண்ணீர் அந்தச் சந்தில் புகுந்து, மரத்தைத் தானே திருப்பி, ஓரத்தில் ஒதுக்கிவிட்டது.

குளத்துக்குத் தண்ணீர் வந்தது. நீர்நாய்க் குட்டிகள் பிழைத்தன. செத்த மீன்கள் வரவில்லை. குருவியின் முட்டைகளும் வரவில்லை. நரி மேட்டிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

வளர்ந்த உடம்பைப் பார்த்து முழுச் சுமையையும் ஒரேயடியாக ஏற்றாமல், பயம் தெளியத் தெளியச் சிறுகச் சிறுகப் பழக்கினால்தான் பிள்ளையும் பிழைக்கும், வேலையும் முடியும்.