மரத்தை விட்டு இறங்காத கள்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். சூடம்தான் கைவசம் இல்லை.

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ஒரு மகாராஜா இருந்தார். சீமைக்காரர்கள் பார்லியை ஊறவைத்து, நுரை தள்ளத் தள்ள பீர் என்று குடிக்கிறார்களே, அவருக்கு அந்த இடத்தில் பனங்கள். ஒரு நாளைக்கு ஒன்பது கலயம். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அவர் அதை ஆரோக்கியத்துக்காகக் குடித்தார். அங்கேதான் தலைவலி.

"வல்லாரை போட்ட கலயம் மூளைக்கு. கரிசலாங்கண்ணி போட்டது ஈரலுக்கு. மிளகு போட்டது சளிக்கு" என்று சபையில் ஒவ்வொரு கலயத்தைத் தூக்கும்போதும் விளக்கம் சொல்வார். சளி இல்லாத நாளில், சளி வராமல் இருப்பதற்காக மிளகுக் கலயம் இரண்டாகும். அந்த ஆரோக்கியம் முழுவதும் தொப்பையாகச் சேர்ந்தது. பட்டம் சூட்டிய நாள் விழாவில் கட்டவேண்டிய, பாட்டனார் காலத்துப் பொன் அரைக்கச்சை ஒரு சாண் எட்டவில்லை. விழாவுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள்.

அரண்மனை வைத்தியர் வேதகிரிப் பண்டிதர் நாடி பிடித்துப் பார்த்தார். "கள்ளை நிறுத்த வேண்டும், பிரபு."

மகாராஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பண்டிதருக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்கு யோசனையும் வரும். சபையில் விகடம் பேசும் சாத்தப்பன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல்; தம் கஷாயத்துக்கு முகம் சுளிக்கும் மன்னர் அவன் பேச்சுக்கு மட்டும் சிரிக்கிறாரே என்று.

"அடியேனுக்கு வேறு வழி தெரியவில்லை. சாத்தப்பனாருக்குத் தெரியாத வழி உண்டா? அவரைக் கேளுங்கள், பிரபு."

மகாராஜா திரும்பினார். "சாத்தப்பா, விழாவன்று இந்தக் கச்சை எனக்குப் பூட்ட வேண்டும். கள் ஒரு துளி குறையக் கூடாது. ருசி மாறக் கூடாது. என்னை நடக்கச் சொல்லக் கூடாது, ஓடச் சொல்லக் கூடாது. ஒன்று தவறினாலும் நீ குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு."

சாத்தப்பனின் மனைவி வடிவம்மைக்கு எட்டாம் மாதம். அவன் வீட்டுக்குப் போய், தலையில் கைவைத்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் மருத்துவச்சி இருக்காளா?" என்றாள் வடிவம்மை.

"கரடி இருக்கு."

"நல்லாருக்கு போங்க. நடக்கக் கூடாது, ஓடக் கூடாது, வாய்க்கு எதையும் குறைக்கக் கூடாதாம். மாசமா இருக்கிறது நானா, உங்க ராஜாவா? எனக்கு மருத்துவச்சி ஏறவும் கூடாதுன்னு சொன்னா. அதை மட்டும் அவருக்குச் சொல்ல மறந்துட்டாங்களாக்கும்!"

சாத்தப்பன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றான். "பிரபு, கள்ளில் குற்றமில்லை. அதைக் கீழே இறக்குவதில்தான் குற்றம். மரத்தில் இருக்கும்வரை அமுதம். மண்ணைத் தொட்டதும் அத்தனையும் கொழுப்பு."

ஆரோக்கியம் என்று யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் மகாராஜா. "அப்படியா! இனி நமது கள் மரத்தை விட்டு இறங்கக் கூடாது" என்று அப்போதே முரசறைய உத்தரவிட்டார். தாகமெடுத்த பிறகுதான் உத்தரவு முழுவதும் புரிந்தது: குடிக்க வேண்டுமானால் தாமே ஏற வேண்டும்.

கள் இறக்கும் கருக்குவேல், மகாராஜாவின் காலுக்கு மரமேறும் தளைக்கயிற்றை மாட்டிவிட்டான். எட்டுக் காவலர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாள் மகாராஜா ஒரு முழம் ஏறினார்.

"மவராசா, மரத்தக் கட்டிப் பிடிங்க. கருக்குவேலக் கட்டிப் பிடிக்காதீய, மூச்சு முட்டுது!"

பண்டிதர் துள்ளிக் குதித்தார். "மன்னருக்கு இன்று ஒரு துளிகூட இல்லை! நிபந்தனை தவறியது!"

"குறையக் கூடாது என்றுதானே கட்டளை?" என்றான் சாத்தப்பன் அலுப்போடு. "ஒன்பது கலயமும் மேலே நிரம்பி நிற்கின்றன. சந்தேகமிருந்தால் ஏறி அளந்து வாருங்கள், பண்டிதரே."

பண்டிதர் மரத்தை ஒருமுறை பார்த்தார். அளக்கவில்லை.

மகாராஜா தினமும் ஏறினார், தினமும் திட்டினார். மரத்தை, கருக்குவேலை, சாத்தப்பனின் ஏழு தலைமுறையை. முரசறைந்த உத்தரவை மாற்றினால் ஊர் சிரிக்கும். இருபதாம் நாள் உச்சியை எட்டி, ஒரு கலயத்தைக் காலி செய்து, இரண்டாவதில் கைவைத்தார்.

"ஒண்ணு குடிச்சா இறங்கலாம், மவராசா. ரெண்டு குடிச்சா விழலாம். ஒங்க இஷ்டம்."

மகாராஜா கீழே பார்த்தார். ஒன்றோடு இறங்கினார். அன்று முதல் ஒன்றுதான். மற்ற எட்டும் குறையாமல் மேலேயே இருந்தன. காக்கைகள் ஆரோக்கியமாயின.

விழாநாள் விடிந்தது. சாத்தப்பன் வீட்டில் வடிவம்மைக்கு வலி எடுத்துவிட்டது. அவனோ மரத்தடியில், ஒரு கண் உச்சியிலும் ஒரு கண் தெருவிலுமாக நின்றான். மேலே மகாராஜா கலயத்தை வாயில் வைத்தார். இன்னும் எடுக்கவில்லை.

"ருசி மாறிவிட்டது!" என்று கீழே பண்டிதர் கூவினார். "இது பதநீர்! கலயத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டான் சாத்தப்பன்! நிபந்தனை தவறியது!"

மகாராஜா வாயைத் துடைத்தார். ஆமாம், வெறும் தித்திப்பு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடியும் பனஞ்சாறு புளிக்காது, கள்ளாகாமல் இனிப்பாகவே நின்றுவிடும்.

"சாத்தப்பா!" என்று உச்சியிலிருந்து ஒரு கர்ஜனை.

"வந்து விசாரியுங்கள், பிரபு. எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள்" என்றான் சாத்தப்பன். "கலயம் மேலே, நாக்கும் மேலே. தாங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே நிற்கும் பண்டிதர் எந்த நாக்கால் ருசி பார்த்தார்?"

கூட்டம் பண்டிதரைப் பார்த்தது. பண்டிதர் தம் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. முந்திய நாள் தான் மரத்தில் கட்டக் கொண்டுவந்த புதுக் கலயங்களை அவர்தான் 'மருந்து சோதனை' என்று வாங்கிப் பார்த்தார் என்று கருக்குவேல் சொன்னான்.

மகாராஜா கிடுகிடுவென்று இறங்கினார். யாரும் கயிறு பிடிக்கவில்லை. கச்சையை மாட்டினார்கள். பூட்டியது. இன்னும் இரண்டு விரல் நுழைய இடமிருந்தது. மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த குலுக்கலில் கச்சை முழங்காலுக்கு நழுவியது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

"பண்டிதரே, கீழிருந்தே ருசி தெரிந்த உமக்கு மேலிருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாளை முதல் எனக்கு முன்னால் நீர் ஏறிச் சோதிக்க வேண்டும். சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"பல்லக்கு, பிரபு. மருத்துவச்சிக்குக் கால்வலி. நடக்கவும் மாட்டாளாம், ஓடவும் மாட்டாளாம்."

பல்லக்கும் கிடைத்தது, அந்தப் பனந்தோப்பும் கிடைத்தது. உச்சிப்பொழுதுக்குள் வடிவம்மைக்குப் பெண் பிறந்தது. மாலையில் மகாராஜா குழந்தை பார்க்க வந்தபோது, சாத்தப்பன் தரையில் சப்பணமிட்டு ஒரு கலயம் கள்ளோடு உட்கார்ந்திருந்தான்.

"மண்ணைத் தொட்டால் கொழுப்பு என்றாயே?"

"அது மகாராஜாக்களுக்கு மட்டும், பிரபு."

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கச்சையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த நாட்டில் பனைமரம் ஒன்றுகூடக் கிடையாது.