தொண்டைக்குக் கீழே

குடல் சாமி என்று சொன்னாலே குளித்தலைக் கடைத்தெருவில் ஒரு சிரிப்பு கிளம்பும். சாமியார் என்றால் ஆத்மா, பரமாத்மா என்று பேச வேண்டும் இல்லையா? இவர் கல்லீரல், கணையம் என்று பேசுவார். துறவுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். கடவுள் எங்கே இருக்கிறார் என்று ஒரு வக்கீல் வந்து கேட்டதற்கு, "காலையில வயிறு ஒழுங்கா போச்சா?" என்று திருப்பிக் கேட்டார். வக்கீல் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவரோடு தங்கியிருந்த ஒரே சீடர் சடையப்பன். சாமியைவிட வயதில் மூத்தவர். அவரைத்தான் சாமி "வாடா, போடா" என்பார். சாமியார்களுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்களோ தெரியாது.

சடையப்பன் ஒரு காலத்தில் கல்யாணச் சமையல்காரர். அவருடைய நாக்குக்குத்தான் ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். அண்டா ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "மிளகு நேத்து இடிச்சது" என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும்.

அவர் வெளியூர் முகூர்த்தத்துக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டில் அவருடைய மகன் காய்ச்சலில் செத்துப்போனான். ஒன்பது வயது. தனசேகர் என்று பெயர். தகவல் வந்து, பஸ் பிடித்து, வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். யாரோ ஒரு டம்ளர் காப்பியைக் கையில் திணித்தார்கள். குடித்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. சாமியிடம் வந்து விழுந்தார்.

"என்னடா?"

"புள்ள போயிட்டான் சாமி. எனக்குப் பசிக்குது."

"பசிக்கும்."

"அதெப்படி சாமி பசிக்கும்?"

"புள்ள செத்தது வயித்துக்கு யாருடா போய்ச் சொன்னது?"

சாமி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். வாய், அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் குழாய், அப்புறம் ஒரு தோல்பை, அதற்கும் கீழே சுருட்டிச் சுருட்டி இருபதடிக் குடல்.

"விழுங்குற வரைக்கும்தான் நீ. தொண்டைக்குக் கீழ போயிடுச்சுன்னா உன்னை யாரும் கேக்கறதில்ல. குழாய் தானாப் பிசைஞ்சு தள்ளும். பை புளிப்பு நீரை ஊத்திக் கடையும். கல்லீரல் பித்தத்தை அனுப்பும். குடல் உறிஞ்சும். தாலி கட்டற அன்னிக்கும் அதே வேலை, தாலி அறுக்கற அன்னிக்கும் அதே வேலை. அதுமேல கோவப்பட்டு என்ன பிரயோசனம்?"

சடையப்பன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பசியின் பழி தன்மேல் இல்லை என்றதும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஆனால் அவர் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை.

"அப்ப நாக்கு, சாமி?"

"நாக்குக்கு என்ன?"

"அந்தக் காப்பியில சர்க்கரை தூக்கல்னு தெரிஞ்சுது சாமி. புள்ளையப் பாத்துக்கிட்டே குடிக்கிறேன், சர்க்கரை தூக்கல்னு தெரியுது. இந்த நாக்கை அறுத்துப் போட்டுடுங்க."

அன்றைக்குப் பக்கத்துக் கோயிலில் அன்னதானம். சாம்பார், பாயசம், மோர், எலுமிச்சை ஊறுகாய் என்று தனித்தனியாக வந்திருந்தன. எல்லாவற்றையும் சாமி ஒரே சட்டியில் கொட்டினார். கையை விட்டுப் பிசைந்தார். பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை நீட்டினார்.

"வயித்துக்குள்ள போனா இப்படித்தான் ஆகப்போகுது. அதை வெளியிலயே பண்ணிட்டோம். தின்னு. இனிமே தினமும் இதுதான்."

சடையப்பன் தின்றார். குமட்டியது. அழுதுகொண்டே தின்றார். அன்று இரவு, மகன் போன பிறகு முதல் தடவையாகத் தூங்கினார். பொய் சொல்வானேன், அந்தச் சட்டிதான் அவரைப் பிழைக்க வைத்தது.

அப்படியே பதினேழு வருஷம் ஓடியது. ஆரம்பத்தில் பாயசம் நாக்கில் தட்டுப்படும். "தெரியுதாடா?" என்பார் சாமி. "தெரியுது சாமி." "இன்னும் பழகணும்." பிறகு சாமி கேட்பதை விட்டுவிட்டார். சடையப்பனும் சொல்வதை விட்டுவிட்டார்.

போன ஐப்பசியில் சாமிக்குச் சோறு தொண்டையில் நின்றது. கஞ்சியாக்கிக் கொடுத்தார் சடையப்பன். தை பிறப்பதற்குள் கஞ்சியும் நின்றது. பிறகு தண்ணீரும். திருச்சியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் புற்று, வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். வயிற்றில் ஒரு துளை போட்டு, நேராக இரைப்பைக்குள் ரப்பர் குழாய் வைத்து அனுப்பினார்கள்.

பருப்புத் தண்ணீர், பால், அரைத்த கஞ்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி ஊசி போடாத பெரிய சிரிஞ்சில் ஏற்றி, அந்தக் குழாய் வழியே மெல்ல விடுவது சடையப்பனின் வேலையாயிற்று. சாமி இத்தனை காலம் சொன்னது கண்ணெதிரே நடந்தது. வாயை ஒரு வார்த்தை கேட்காமல் வயிறு தன்பாட்டுக்குச் செரித்தது. இதைச் சொல்லிச் சாமி சிரிப்பார் என்று சடையப்பன் காத்திருந்தார். சாமி சிரிக்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒரு மத்தியானம் குழாயை மூடி, துணியால் துடைத்துவிட்டு சடையப்பன் கேட்டார்.

"பசி அடங்குச்சா சாமி?"

"வயிறு நெறஞ்சிருச்சு."

"அப்புறம் என்ன சாமி?"

"நான் இன்னும் சாப்பிடல."

சாமியின் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. சடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் பிணத்துக்கு முன்னால்கூட இவ்வளவு பயந்ததில்லை. அன்றைக்கு ஓடிவர ஒரு இடம் இருந்தது.

"சடையப்பா."

"சாமி."

"எனக்கு ஒரு ரசம் வெச்சுக் குடு. கல்யாணத்துல வெப்பியாமே, அந்த மாதிரி. விழுங்க மாட்டேன். வாயில வெச்சுட்டுத் துப்பிடறேன்."

சடையப்பன் கடைக்குப் போனார். மிளகு, சீரகம், பழுத்த தக்காளி, பழம்புளி, கொத்தமல்லி என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். கை எதையும் மறக்கவில்லை. மிளகை இடிக்க வேண்டிய பதத்தில் இடித்தது, நுரை கட்டியதும் இறக்கியது. நெய்யில் கடுகு வெடித்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

சுட்டது. வேறொன்றும் தெரியவில்லை.

இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். உப்புப் போதுமா, கூடவா? கொஞ்சம் போட்டார். புளியைக் கரைத்து ஊற்றினார். மறுபடி நக்கினார். மறுபடி உப்பு. உள்ளங்கை சிவந்துபோயிற்று. கடைசியில் ஆனது ஆகட்டும் என்று ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சாமி எழுந்து உட்கார்ந்தார். குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். ஒரு கரண்டி விட்டார் சடையப்பன். சாமி கண்ணை மூடி வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். முகம் சுருங்கியது. கிண்ணத்தில் துப்பினார்.

"எப்படி இருக்கு சாமி?"

"நீ சொல்லு."

"வெந்நி மாதிரி இருக்கு."

"உப்பு?"

"தெரியல சாமி."

"புளி?"

"அதுவும் தெரியல. ரொம்ப நாளாவே எதுவும் தெரியல. பாயசமும் மோரும் ஒண்ணுதான் எனக்கு."

சாமி டம்ளரையே பார்த்தார். சடையப்பன் அவர் காலருகே உட்கார்ந்துகொண்டார். சொல்லக் கூசியது, ஆனால் இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

"நீங்க சொன்னபடியே வந்துட்டேன்ல சாமி? அப்ப நான் தேறிட்டேன்னுதானே அர்த்தம்?"

சாமி வாயில் ஊறிய எச்சிலைத் துப்பினார். பிறகு கையை நீட்டி, தன்னைவிட மூத்தவரான அந்த மனிதரின் கன்னத்தைத் தொட்டார்.

"என் வாயை நோய் தின்னுச்சு. உங்க வாயை நான் தின்னுட்டேன், சடையப்பண்ணே."