மூன்று பெட்டிகளின் வேகம்

லாரன்சுக்கு அறுபத்தொரு வயதில் ஒரு குரு வாய்த்தார். பாலக்கரையில் ஒரு மாடியில் நெட்வொர்க் வகுப்பு நடத்தும் ஜமீலா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வகுப்பில் எல்லோரையும்போல லாரன்சும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்.

மற்றவர்கள் வேலைக்காகப் படித்தார்கள். லாரன்ஸ் தன் வீட்டிலிருந்த மூன்று கணினிச் சேமிப்புப் பெட்டிகளுக்காகப் படித்தார்.

அவற்றில் இருந்தவை அவர் மனைவி ஸ்டெல்லாவின் பாடங்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஸ்டெல்லா வீட்டிலிருந்தே உயிரியல் நடத்தினார். லாரன்ஸ் கேமரா பிடித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். ஸ்டெல்லா போய் நாலு வருடமாகிறது.

ஒரு பெட்டி பழுதானால் என்ன செய்வது என்று, நகல் வைக்க இரண்டாவது வாங்கினார். அதுவும் பழுதானால் என்று மூன்றாவது. வீட்டில் பல நாட்கள் அவற்றின் மெல்லிய இரைச்சல் தவிர வேறு சத்தமே இருக்காது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

“டீச்சர், மூணு பெட்டியையும் கம்ப்யூட்டரோட வேகமா இணைக்கணும். என்ன செய்யலாம்?”

“கேபிளை மாத்துங்க.”

மாற்றினார். அடுத்த வாரம் வந்தார்.

“இன்னும் வேகம் வேணும்.”

“நெட்வொர்க் சுவிட்ச்சையும் கார்டையும் மாத்துங்க. பத்து கிகாபிட் வேகத்துல ஓடுறதா போடுங்க.”

மாற்றினார். அதற்கடுத்த வாரமும் வந்து நின்றார்.

“போதலை, டீச்சர்.”

ஜமீலா வருகைப் பதிவேட்டை மூடினார்.

“நாளைக்குக் காலைல வீட்டுக்கு வர்றேன், சார்.”

வந்தார். டீ கொடுக்க இரண்டாவது டம்ளரைத் தேடி லாரன்ஸ் பரண்வரை ஏற வேண்டியிருந்தது. அதற்குள் ஜமீலா ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்து முடித்திருந்தார்.

“மூணும் முழு வேகத்துல ஓடுது. எதை வெச்சுப் போதலைன்னு சொல்றீங்க?”

லாரன்ஸ் திரையைக் காட்டினார். “ஒரு பெட்டியில இருந்து எல்லாத்தையும் இன்னொண்ணுக்கு மாத்த முன்னாடி ஒரு மணி நேரமாகும். இப்போ பன்னெண்டு நிமிஷம். இன்னும் குறையணும்.”

“எப்பவாவது மாத்துவீங்களா?”

“தினமும் காலைல. மாத்திட்டு, ஒண்ணுகூட விட்டுப்போகலைன்னு சரிபார்ப்பேன்.”

“சரி. ஒரு வீடியோவைப் போடுங்க. ஓடுதான்னு பார்க்கணும்.”

“எதை?”

“எதையாவது.”

லாரன்சின் கை மவுஸ்மேல் அப்படியே இருந்தது.

“ஓடும், டீச்சர்.”

“கடைசியா எப்போ பார்த்தீங்க?”

டீயில் ஆடை படிந்தது.

“அவ போனதுக்கப்புறம் ஒண்ணுகூடத் திறக்கலை,” என்றார் கடைசியில். “ஒரு பாடம் முப்பது நிமிஷம். முப்பது நிமிஷம் அவ பேசுவா. முடிஞ்சதும் சட்டுனு நின்னுடும். அப்புறம் இந்த வீட்டுல நான் என்ன பண்றது, டீச்சர்?”

ஜமீலா போனை எடுத்தார். “மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்காதீங்க,” என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்தார். மூலையில் துணி குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து, லாரன்சின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போடுங்க, சார். முடியும்போது நான் இங்கதான் இருப்பேன்.”