எட்டு முழப் பலகையும் ஆறு முழ அறையும்

ஆறுகளுக்குக் கரை கட்டாத அந்தக் காலத்தில், மருதவேலி என்கிற நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு ஆசை. ஒருநாள் அவருக்குத் தச்சுவேலை மேல் மோகம் வந்துவிட்டது.

"ராணியும் தோழிகளும் சேர்ந்து ஆட ஒரு ஊஞ்சல் பலகையை என் கையாலேயே இழைக்கப்போகிறேன். படுக்கையறையை ஒட்டிப் பல்லக்கு அறை இருக்கிறதே, அதுதான் என் பட்டறை!" என்றார்.

மந்திரி நல்லாதனாரின் முத்திரை மோதிரத்தின் மேல் பல வருஷமாகக் கண் வைத்திருந்தவர் சபைப் பிரபு அம்பலத்தரையர். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, நாட்டையே ஒழுங்குபடுத்துகிற மந்திரிக்கு ஒரு அறை எம்மாத்திரம்? அவரே பட்டறையை அமைக்கட்டுமே! ஆனால் சுவரை இடிக்கக் கூடாது, பலகையை அறுக்கக் கூடாது."

"சரியான பேச்சு!" என்றார் ராஜா. "நல்லாதனாரே, பௌர்ணமிக்குள் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் மோதிரம் அரையருக்கு."

மந்திரி போய் அளந்து பார்த்தார். அறை ஆறு முழம், பலகை எட்டு முழம்! வாசலுக்கும் எதிரே இருந்த தோட்டத்து ஜன்னலுக்கும் நடுவே வெகுநேரம் நின்றார். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, மரக்கதவு மட்டும்தான். அதைத் திறந்து எட்டிப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் சுண்ணாம்பால் அறையின் அளவுக்குக் கட்டம் போட்டார்.

"மகாராஜா, இதற்குள் நின்று வேலை செய்யுங்கள். கையில் உளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா வெறுங்கையால் இழைத்தார், அடித்தார், திரும்பினார், குனிந்தார். மந்திரி கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஐயோ, மகாராஜாவைப் பைத்தியமாக்கிவிட்டாரே!" என்று அரையர் சத்தமாகச் சொல்ல, சேவகர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜாவின் முகம் சிவந்தது.

"மந்திரியாரே, தோற்றால் மோதிரம் மட்டுமல்ல, ஊரையும் விட்டுப் போகவேண்டும்!"

பௌர்ணமி வந்தது. அரையர் நாலு ஆட்களைப் பலகையோடு அனுப்பினார். குறுகலான நடையில் அது திரும்பவே இல்லை, வாசலில் குறுக்கே சிக்கிக்கொண்டது.

"மோதிரத்தைக் கழற்றலாமே?" என்று கை நீட்டினார் அரையர்.

"பொறும். பலகையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஜன்னல் வழியே விடுங்கள்" என்றார் மந்திரி.

அறைக்குள் ஜன்னல் மட்டத்துக்கே அவர் இழைப்பு மேசை போட்டிருந்தார். பலகை ஜன்னலில் நுழைந்து, மேசை மேல் வழுக்கி, வாசலில் தலை நீட்டியது. ராஜா நடுப்பகுதியை இழைத்தார், தள்ளினார், மீண்டும் இழைத்தார். பார்க்காமலே இடக்கையை நீட்டினார், உளி கைக்கு வந்தது.

"நான் இடக்கைக்காரன் என்று யார் சொன்னது?"

"முற்றத்தில் தாங்களேதான் காட்டினீர்கள், மகாராஜா. கை எட்டிய இடத்திலெல்லாம் ஒரு ஆணி அடித்து ஆயுதத்தை மாட்டினேன்."

"அநியாயம்!" என்று கத்தினார் அரையர். "பலகை அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது!"

மந்திரி திரும்பினார். "அரையரே, ஊசியில் நூல் கோக்கிறோம். நூல் முழுவதும் ஊசிக்குள்ளேயா இருக்கிறது?"

ராஜா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"மோதிரம் உம் விரலை விட்டுப் போகாது, நல்லாதனாரே. அரையரே, வெளியே நீட்டுகிற பகுதியைப் பற்றித்தானே உமக்குக் கவலை? தோட்டத்துக்குப் போய் அந்த முனையைத் தாங்கிப் பிடியும், வேலை முடிகிறவரை!"

பாவம், வெயிலில் தலைப்பாகை நனைய அரையர் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊஞ்சல் கட்டிய அன்று தோழிகளோடு ஏறி ஆடிய ராணி, "எவ்வளவு வழவழப்பு! யார் செய்தது?" என்று கேட்டாள்.

"இழைத்தது நான், இடம் கொடுத்தது நல்லாதனார்" என்றார் ராஜா.

தோளைத் தடவிக்கொண்டிருந்த அரையரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தாங்கினது நான், தாயே!"

சபையே அதிரச் சிரித்தது. நல்லாதனார்தான் முதலில் எழுந்து, அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்.