முதுகைக் காட்டச் சொன்ன முள்ளம்பன்றி

ஒரு முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. தலை குழிக்குள் இருந்தது. முதுகு வெளியே இருந்தது.

அந்த வழியாக ஒரு சிறுத்தை வந்தது. மலைக்கு மேலே சுனை வற்றிவிட்டதால் அன்றுதான் அது இந்தக் காட்டுக்கு இறங்கியிருந்தது. காடும் புதிது, பாதையும் புதிது. ஏதோ காய்ந்த புல் என்று நினைத்து, முள்ளம்பன்றியின் மேல் காலை வைத்தது.

காடே அதிரும்படி ஓர் அலறல் கேட்டது. சிறுத்தை மூன்று காலில் ஓடியது.

முள்ளம்பன்றி தலையை வெளியே எடுத்து நாலாபுறமும் பார்த்தது. "யாருங்க அது கத்தினது?"

பக்கத்து மருதமரத்தின் உச்சியில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. "சிறுத்தை! உன் மேல காலை வச்சுட்டு ஓடுது!" என்றது.

"அப்படியா!" என்ற முள்ளம்பன்றி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பாதி தோண்டிய கிழங்கை அப்படியே விட்டுவிட்டுக் குளத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தது. சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் சிலருக்குப் பசியே எடுக்காது.

கோடைக்காலம். அந்தக் காட்டில் தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில்தான். பொழுது சாயும் நேரத்தில் மான், முயல், காட்டுப்பன்றி எல்லாம் அங்கேதான் கூடும். முள்ளம்பன்றி ஒரு பாறை மேல் ஏறி நின்று சொல்லத் தொடங்கியது.

"சிறுத்தை எனக்கு எதிரே வந்து நின்னுச்சு. நான் அசரவே இல்லை. நிதானமாத் திரும்பி முதுகைக் காட்டினேன். ஒரே ஒரு உதறு! அவ்வளவுதான்!"

"சிறுத்தை என்ன பண்ணுச்சு அண்ணே?" என்று முயல் கேட்டது.

"கும்பிடு போட்டுட்டு ஓடிருச்சு!"

மறுநாள் இதையே சொன்னபோது சிறுத்தை இரண்டு முறை கும்பிட்டது. மூன்றாம் நாள் மன்னிப்பும் கேட்டது. நான்காம் நாள் முள்ளம்பன்றியின் பெயர் ஈட்டியப்பன் ஆகிவிட்டது. யார் வைத்த பெயர் என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றது. அதுவரை யாரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு கூப்பிட்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. மந்தி மரத்தில் இருந்து தளிரைப் பறித்துத் தின்னும். தின்றது போக மீதியைக் கீழே போடும். மான்கள் அதைத் தின்னும். உச்சியில் இருக்கும் மந்தியின் கண்ணில் சிறுத்தை பட்டால், அது தொண்டை கமறியது போல் "கக்! கக்!" என்று கத்தும். கீழே இருக்கும் மானுக்கு வாடை தெரிந்தால், அது காலால் தரையை உதைத்துக் குரல் கொடுக்கும். ஒன்றின் கண், இன்னொன்றின் மூக்கு. யாரும் கூடிப் பேசி முடிவு செய்த ஏற்பாடு அல்ல. ஆனால் பல உயிர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு.

ஈட்டியப்பனுக்கு இது பிடிக்கவில்லை.

"கத்துறதும் ஓடுறதும் கோழைங்க வேலை! எப்படி நிக்கணும்னு நான் சொல்லித் தர்றேன். எல்லாரும் வரிசையா வாங்க!" என்றது.

எல்லோரும் வந்தார்கள். பயந்தவர்களுக்கு ஒரு பயிற்சி கிடைத்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம்தான் உபயோகமானது என்பது பிறகுதான் தெரியும்.

"திரும்பு!" என்றது ஈட்டியப்பன். எல்லோரும் திரும்பினார்கள்.

"முதுகைக் காட்டு! உதறு!"

எல்லோரும் உதறினார்கள். காட்டுப்பன்றி உதறியதில் சேறு தெறித்தது. எல்லோரையும் விட நன்றாக உதறியது முயல்தான். ஈட்டியப்பனே அதைப் பாராட்டி, வரிசையில் முதலாவதாக நிற்க வைத்தது. முயலுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து வளைக்குள் போகும்போதுகூடப் பின்பக்கமாகவே போனது.

மந்தி மேலே இருந்து கேட்டது. "முதுகைக் காட்டினா அது சிறுத்தையைக் குத்தணுமே! இவங்கள்ல யாருக்கப்பா முள்ளு இருக்கு?"

"பாடம் நடக்கும்போது பேசக் கூடாது!" என்றது ஈட்டியப்பன்.

"அன்னைக்கு நீ திரும்பவே இல்லையே! உன் தலை..."

"பொறாமை!" என்றது ஈட்டியப்பன். வரிசையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். "அது கத்துறதுல கவனமே சிதறுது" என்று முயல் சொன்னது. மந்திக்குக் கோபம் வந்தது. தளிர் போடுவதை நிறுத்திவிட்டு, நாலு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

கால் ஆறும் வரை வாடை எட்டாத பக்கமாகக் குளத்தங்கரை நாணற்புதரில் படுத்திருந்த சிறுத்தை இந்தப் பயிற்சியை மூன்று நாள் பார்த்தது. வேட்டையாட வந்த இடத்தில் எல்லோரும் வரிசையாகத் திரும்பி நிற்பதைப் பார்த்து அதற்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான்காம் நாள் கால் ஆறிவிட்டது. கூச்சமும் போய்விட்டது.

அது புதரை விட்டு வெளியே வந்தபோது எல்லோரும் ஓடிவிட்டார்கள். முயல் மட்டும் ஓடவில்லை. பாடத்தில் சொன்னபடி அழகாகத் திரும்பி, முதுகைக் காட்டி, நன்றாக உதறியது.

முயல் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

அன்று மாலை எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு குளத்தங்கரையில் கூடினார்கள். நல்ல முயல் அது. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. ஈட்டியப்பன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பாவம், முயல். உதறினது போதலை. இன்னும் ரெண்டு உதறு உதறியிருந்தா பிழைச்சிருக்கும்."

மறுநாளில் இருந்து பயிற்சி குளத்தை விட்டுத் தள்ளி நடந்தது. நேரமும் கூட்டப்பட்டது.

அந்த வரிசையில் செவ்வந்தி என்ற புள்ளிமானும் இருந்தது. குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. குட்டியைப் புல்லுக்குள் மறைத்து வைத்திருந்தது. தண்ணீர் குடித்தால்தான் மடியில் பால் ஊறும். குடிக்க வேண்டுமென்றால் இந்தக் குளத்துக்குத்தான் வர வேண்டும். குளத்தங்கரையில் சிறுத்தை இருக்கிறது. இந்த நிலைமையில் இருக்கும் ஒரு தாய், யார் என்ன வழி சொன்னாலும் கேட்கத்தான் செய்யும்.

இரண்டு நாள் செவ்வந்தி தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குட்டி மடியை முட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, வரலை" என்றது.

"இங்கேயே படுத்திரு. அசையக் கூடாது. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் செவ்வந்தி உச்சி வெயிலில் தனியாகக் குளத்துக்குப் போனது. அசையக் கூடாது என்று சொன்னால் குட்டிகள் என்ன செய்யுமோ அதையே அந்தக் குட்டியும் செய்தது. பின்னாலேயே வந்தது.

செவ்வந்தி தண்ணீரில் வாயை வைத்தது. நாலு மடக்கு குடித்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால், பத்தடி தூரத்தில் சிறுத்தை நின்றுகொண்டிருந்தது.

செவ்வந்திக்கு மூளை ஓடவில்லை. கால் மட்டும் பழகியதைச் செய்தது. திரும்பி முதுகைக் காட்டி உதறியது.

திரும்பியதும் எதிரே குட்டி நிற்பது தெரிந்தது.

"அம்மா, அது யாரு?" என்று குட்டி கேட்டது.

"பேசாதே! அம்மா உதறிட்டிருக்கேன்."

"அது உக்காந்து உன் முதுகையே பாக்குதும்மா."

செவ்வந்தி இன்னும் பலமாக உதறியது.

சிறுத்தையும் ஒருமுறை சூடு கண்டதுதான். அதனால் அவசரப்படவில்லை. தலையைச் சாய்த்து, மானின் முதுகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. "ஏம்மா, உனக்கு முள்ளு வருமா, வராதா?" என்று மரியாதையாகவே கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க. இப்ப வந்துடும்" என்றது செவ்வந்தி.

"சரி, வரட்டும்."

கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அது எந்திரிச்சிடுச்சு. பக்கத்துல வருது" என்றது குட்டி.

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. உயிரை எடுக்க வரும் சிறுத்தை உட்கார்ந்ததும் எழுந்ததும், பிறந்து பத்து நாளான குட்டி சொல்லித்தான் தனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது! வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

சட்டென்று திரும்பிச் சிறுத்தையின் முகத்துக்கு நேராக நின்றது. குட்டியைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டது.

சிறுத்தை நின்றுவிட்டது. அதன் முகம் சுருங்கியது.

"இது என்ன புதுப் பழக்கம்? திரும்பு!" என்றது.

"மாட்டேன்."

"ஈட்டியப்பன் சொன்னது மறந்துபோச்சா? முதுகைக் காட்டு! உதறு! இப்படிப் பாடத்தை மதிக்காம நின்னா எப்படி!"

செவ்வந்தி சிறுத்தையின் கண்ணையே பார்த்தது.

"அந்தப் பாடம் உனக்கு இவ்வளவு பிடிச்சிருக்கா?" என்றது. "அப்போ அது எனக்கு வேண்டாம்!"

முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு உதை உதைத்தது. கழுத்தை நிமிர்த்தி, காடு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தது.

நாலு மரம் தள்ளி இருந்த மந்திக்கு அந்தக் குரல் கேட்டது. அதற்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் தொண்டை கோபத்தைப் பார்க்கவில்லை. "கக்! கக்!" என்று கத்திக்கொண்டே தாவித் தாவி வந்தது. மயில் அலறியது. காட்டுப்பன்றி உறுமியது. குருவிகூடக் கத்தியது. ஒரே நிமிடத்தில் அந்தக் காட்டில் சிறுத்தை நிற்கும் இடம் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

பதுங்கி வந்தால்தான் சிறுத்தைக்குச் சாப்பாடு. காடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு ஒரு வேலையும் ஓடாது. "இனிமே இங்க பிழைக்க முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டு அது மெதுவாக மலையின் மறுபக்கம் நோக்கி நடந்தது.

செவ்வந்தி ஓடவில்லை. சிறுத்தை கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. குட்டி ஓடி வந்து மடியை முட்டியது.

மாலையில் எல்லோரும் கூடினார்கள். நடந்ததை மந்தி ஒன்று விடாமல் சொன்னது. ஈட்டியப்பன் பாறை மேல் நின்று கேட்டுக்கொண்டது.

"உயிரோட இருக்கே, சந்தோஷம். ஆனா முறை தப்பு" என்றது.

செவ்வந்தி பாறைக்கு அருகே போனது. "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"சிறுத்தையோட மூஞ்சியை நீங்க பாத்திருக்கீங்களா?"

ஈட்டியப்பன் வாயைத் திறந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முயல் நிற்கும் முதல் இடம் காலியாக இருந்தது. ஈட்டியப்பன் அந்த இடத்தைப் பார்த்தது. இந்த முறை அதற்குப் பொய் வரவில்லை.

"இல்லம்மா. என் தலை குழிக்குள்ள இருந்துச்சு."

காட்டுப்பன்றி ஒரு மரத்தில் தன் முதுகைத் தேய்த்துப் பார்த்தது. எங்கேயும் ஒரு முள்கூட இல்லை. மந்தி பழைய மருதமரத்துக்கே போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர் கீழே விழுந்தது.

குழந்தைகளே, பெரியவர்களே, யார் யோசனை சொன்னாலும் அதன்படி நடப்பதற்கு முன், சொன்னவரின் முதுகில் இருக்கும் முள் நம் முதுகிலும் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.