ஒச்சாயியின் மஞ்சள் பல்

ஒரு மலையடிவாரக் காட்டில் ஒச்சாயி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளையில் வாழ்ந்தாள். அவளுடைய முன்பற்கள் நல்ல மஞ்சள், கிட்டத்தட்டக் காவி நிறம். முள்ளம்பன்றிக்கும் அணிலுக்கும் பெருச்சாளிக்கும் பல் அப்படித்தான் இருக்கும். அந்த மஞ்சளில்தான் அவற்றின் உறுதியே இருக்கிறது.

தினமும் கிழங்கு தேடப் போகுமுன், வளை வாசலில் கிடக்கும் பழைய மான்கொம்பை அவள் கொஞ்ச நேரம் கடிப்பாள். அவள் சாதிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்தால்தான் அளவாக நிற்கும், கூராகவும் இருக்கும்.

அந்தக் காட்டுக்குக் கட்டையன் என்ற குரங்கு வந்து சேர்ந்தான். டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தவன். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்ததைத் தவிர வேறு படிப்பு கிடையாது. வரும்போது ஒரு கைக்கண்ணாடியையும் எங்கிருந்தோ ஓர் அரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, குளத்தங்கரைப் பாறையில் உட்கார்ந்து, தன்னைப் பல் வைத்தியர் என்று சொல்லிக்கொண்டான். பேசும்போது எப்போதும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொள்வான். மரியாதை தெரிந்தவன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதலில் நல்ல காரியம் ஒன்று செய்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் அணிலுக்கு முன்பல் உடைந்துபோய், எதிர்ப்பல் உரச இடமில்லாமல் நீண்டு உதட்டைக் குத்திக்கொண்டிருந்தது. கட்டையன் அந்த நீண்ட பல்லைத் தேய்த்துச் சமமாக்கினான். உடைந்த பல்லும் சில நாளில் வளர்ந்து ஜோடி சேர்ந்தது. அணில் சந்தோஷமாக ஒரு விளாம்பழத்தை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் உடைந்த பல் தினமும் வருமா? விளாம்பழ ஆசை மட்டும் தினமும் வந்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த ஒச்சாயியை அவன் கூப்பிட்டான்.

“ஒச்சாயிக்கா, கொஞ்சம் வாயைத் திறங்க.”

“எதுக்கு? எனக்குப் பல்லுல ஒரு வலியும் இல்லையே.”

“வலிச்சாத்தான் நோயா? இதுல பாருங்க.”

அதுவரை அவள் தன் பல்லைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“இவ்வளவு மஞ்சளா!”

“எல்லாம் கறைக்கா. நாளைக்கு உங்க குட்டிங்களே உங்க பக்கத்துல நிக்கக் கூச்சப்படும். நான் வெள்ளையாக்கித் தாரேன்.”

குட்டிகளைப் பேச்சில் இழுத்தான் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தாயை எங்கே தொட்டால் விழுவாள் என்று அந்தப் பாவிக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் காலையில் அவன் தேய்த்தான். மஞ்சள் முழுக்கப் போய்ப் பல் வெள்ளையானது. தண்ணீர் பட்டாலே ஒச்சாயிக்குக் கண்ணில் நீர் வந்தது.

“ரொம்பக் கூசுதே, தம்பி.”

“அழகுன்னா சும்மாவாக்கா? இனிமே அந்தக் கொம்பைக் கடிக்காதீங்க. பளபளப்பு போயிடும்.”

அடுத்த நாள் பாறைக்கு முன்னால் அணில் உட்பட ஒரு வரிசையே நின்றது. முயலுக்குப் பிறவியிலேயே வெள்ளைப் பல். அதையும் இன்னும் வெள்ளையாக்குகிறேன் என்று உட்காரவைத்துத் தேய்த்தான். கட்டையனைச் சுற்றி விளாம்பழம் குவிந்தது.

மொக்கையன் என்ற பெருச்சாளி மட்டும் வரவில்லை. ஒச்சாயியின் பக்கத்து வளைக்காரன்.

“என் பல்லு கடிக்குது. எனக்கு அது போதும்” என்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு மஞ்சப்பல்லன் என்று பேர் விழுந்தது. எல்லோரும் குடித்த பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்று விரட்டினார்கள். அதைவிட மோசம், ஒச்சாயியே அவனிடம், “என் குட்டிங்க முன்னால பல்லைக் காட்டிச் சிரிக்காதீங்கண்ணே” என்றாள். அவன் திரும்பித் தன் வளைக்குள் போய்விட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ஒச்சாயி கிழங்கோடு திரும்பியபோது, மேட்டு மண் சரிந்து ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் வேர் ஒன்று வளை வாசலைக் குறுக்காக அடைத்திருந்தது. வாசலைச் சுற்றிப் பாறை, தோண்டவும் வழியில்லை. குட்டிகள் உள்ளே இருந்தன. மழைத் தண்ணீர் வேரின் இடுக்கு வழியாக வளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, தண்ணி வயித்துக்கு வந்திருச்சு!”

ஒச்சாயி பாய்ந்து வேரைக் கடித்தாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வேர் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது கடியில் ஒரு பல் உடைந்தது. நாலாவது கடியில் மற்றது. வாயெல்லாம் ரத்தம். ஈறால் கடித்தாள். வேரில் கீறல்கூட விழவில்லை.

“யாராவது வாங்களேன்!” என்று கத்தினாள்.

அணில் வந்தது, முயல் வந்தது. எல்லோருக்கும் வெள்ளைப் பல். எல்லோரும் கடித்துப் பார்த்துவிட்டு வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழகு சோறும் போடாது, வேரும் அறுக்காது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கையன் வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வேரில் பல்லை வைத்தான். அறுப்பதற்குள் அவன் தாடை வீங்கிவிட்டது. வேர் இரண்டாக விழுந்தபோது தண்ணீர் குட்டிகளின் கழுத்துக்கு வந்திருந்தது. ஒன்றை அம்மாக்காரி இழுத்தாள், மற்றதை மொக்கையன் இழுத்தான்.

குட்டிகள் மூச்சு வாங்கி எழுந்து நின்ற பிறகுதான் ஒச்சாயிக்குக் கோபம் வந்தது. முள்ளெல்லாம் சிலிர்க்கப் பாறைக்குப் போனாள். காடே பின்னால் போனது. கட்டையன் வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

“என் பொறுப்பு அழகுக்குத்தான்கா. வேரைக் கடிக்க நானா சொன்னேன்?”

“முள்ளம்பன்றி வேரைக் கடிக்காம வேற என்னத்தடா கடிக்கும்? கையை எடு. உன் வாயைத் திற.”

“என் வாய் எதுக்குக்கா?”

“திறடா!”

முதுகைத் திருப்பி முள்ளை நீட்டினாள். அவன் கை தானாக இறங்கியது. மொக்கையன் கைக்கண்ணாடியை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான். கட்டையனின் பல் வரிசை முழுக்க மஞ்சள். அரம் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை.

“எங்க பல்லையெல்லாம் தேய்ச்சியே, உன் பல்லை ஏன் தேய்க்கல?”

“தேய்ச்சா பல்லு பலமில்லாமப் போயிடும்கா. அப்புறம் நான் எதைக் கடிச்சுத் திங்கிறது?” பயத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது.

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே. என் பிள்ளைங்க செத்திருக்கும்டா.”

அவள் பின்பக்கமாகப் பாய்ந்தாள். தொடையில் ஏழெட்டு முள்ளோடு கட்டையன் மலை தாண்டி ஓடினான். விளாம்பழக் குவியல் அங்கேயே அழுகியது. அரத்தை மட்டும் அணில் எடுத்து வைத்துக்கொண்டது, நீண்ட பல் யாருக்காவது உதட்டைக் குத்தினால் உதவும் என்று.

பல் வளரும்வரை ஒச்சாயி வீட்டுக்குக் கிழங்கு தோண்டிப் போட்டவன் மொக்கையன்தான். தை மாதம் அவளுக்குப் புதுப்பல் முழுதாக வந்தது. காவி மஞ்சள். அன்றைக்கு மான்கொம்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அவன் வளை வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. என் பிள்ளைங்க முன்னால கொஞ்சம் சிரிங்க.”

மொக்கையன் உடனே சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருந்தது. ஆனால் சின்னக் குட்டி தன் மஞ்சள் பல்லைக் காட்டி அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான்.

உடைந்த பல்லைச் சீராக்குகிறவனிடம் தயங்காமல் வாயைத் திற. நல்ல பல்லைக் குறை சொல்லித் தேய்க்க வருகிறவனிடம், முதலில் அவன் வாயைத் திறக்கச் சொல்.