எழுபத்தைந்தாவது நிமிடம்

உப்புமேட்டில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. சீடர் தாமோதரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். குரு முனிரத்தினம் பறை அடிக்கிறவர். கல்யாணம், கோயில், கட்சி ஊர்வலம், சாவு, எதுவானாலும் அவர் செட்டுதான் வரும். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

தாமோதரன் இந்த வயதில் பறை கற்கப் போனதற்கு ஞானத் தேடல் எல்லாம் காரணமில்லை. கால்பந்துதான் காரணம். நீலக்கொடி கிளப் ஆடும்போது கேலரியில் உட்கார்ந்து வெறுங்கையைத் தட்டிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. ஆறு வருஷம் கற்றார். இப்போது அவர் அடித்தால் கேலரி எழுந்து நிற்கும், நிறுத்தினால் உட்காரும்.

இந்த வருஷம் கிளப்புக்குப் போதாத காலம். பத்து ஆட்டத்தில் எட்டுத் தோல்வி. இன்னும் இரண்டுதான் பாக்கி. அதிலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் என்ன ஆகும் என்று உப்புமேட்டுக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்துப் பேட்டை கிளப் இறங்கிய மறுவருஷமே அவர்கள் கிரவுண்டில் லாரி நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். 

பயந்த கூட்டம் சும்மா இருக்குமா? யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் அதற்குக் கொஞ்சம் தூக்கம் வரும். கோச் எட்வின் தலை அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலுக்குப் பூஜ்யம் என்று எட்டாவது தடவையாகத் தோற்றுவிட்டு வந்து, சாயங்காலம் ரவூப் பாய் டீக்கடையில் கூடினார்கள்.

"தூக்கிடணும்" என்றான் டில்லிபாபு. கேலரியில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"தூக்கிட்டு யார வெப்ப?" என்றார் ரவூப் பாய்.

"யார வேணா வை பாய். ஒரு தூண நிக்க வெச்சாக்கூட இந்தாளுக்கு மேல."

"போன வருஷம் இதே கோச்சுதான் அஞ்சாவது எடத்துக்குக் கொண்டாந்தாரு. அன்னிக்கு அவரத் தோள்ல தூக்கினு போனது யாரு? நீதான?"

"அது போன வருஷம்."

"இந்த வருஷம் நல்லா ஆடற ரெண்டு பேரு கால் ஒடிஞ்சு கெடக்கறான். அதுக்குக் கோச்சு இன்னா பண்ணுவாரு?"

"சரி பாய், ஒடிஞ்சதுன்னே வெச்சுக்க. இன்னிக்கு மேட்ச்ச எடு. எழுபத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் ஒரு கோலுதான் வாங்கினோம். பசங்க நல்லாத்தான் ஆடினு இருந்தானுங்க. அதுக்கப்பறம் பதினஞ்சு நிமிஷத்துல மூணு. பந்து கால்ல பட்டா நெருப்பு பட்டா மாதிரி ஒதறினானுங்க. பசங்களுக்குத் தெம்பு சொல்லத் தெரியல. அதுக்குத்தான கோச்சு வெக்கறது?"

ரவூப் பாய் கிளாஸ்களைக் கழுவப் போனார். எழுபத்தைந்துக்கு மேல் என்ன ஆயிற்று என்று கடையில் யாருக்கும் விளங்கவில்லை.

டில்லி ஒரு தாளை எடுத்தான். கோச்சை நீக்கச் சொல்லிக் கமிட்டிக்குப் போகும் மனு. கேலரிக்காரர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் கமிட்டி கேட்டே ஆக வேண்டும் என்பது கிளப்பின் பழைய வழக்கம். நாலு கையெழுத்து விழுந்திருந்தது.

"ணா, நீ போட்டா முடிஞ்சுது" என்று தாமோதரனிடம் நீட்டினான். "நாளைக்கு சாயங்காலம் குடுத்துடலாம். அப்பறம் இன்னொண்ணு. இன்னிக்கு அடிச்சியே சாவு மோளம், சூப்பர்ணா. ஆனா அடி கொஞ்சம் தப்பித் தப்பிப் போவுது. மாஸ்டர்கிட்ட ஒழுங்கா கத்துக்கினு வா. அடுத்த மேட்ச்சுல மொத நிமிஷத்துலேர்ந்தே அதான். அந்தாளு தானா ஓடணும்."

"மொத நிமிஷத்துலேர்ந்தா?"

"ஏன், இன்னா? நீயும் கோச்சு ஆளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். தாமோதரனும் சிரித்து வைத்தார். போன வாரம் கோச் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உடைத்தது யார் என்று பேட்டை முழுக்கத் தெரியும், கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நூறடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிற மனிதர். காற்றில் கூண்டு ஆடினாலும் டீ குடிப்பார். அந்தத் தாளைச் சுமந்து நாலு தெரு நடப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. போடாவிட்டால் டில்லி இருக்கிறான். போட்டால் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதுவும் பயமாகத்தான் இருந்தது.

அன்றைய ஆட்டத்தில் சாவு மேளம் அடித்தபோது கேலரியில் ஒரே சிரிப்பு. நாலு பேர் பழைய பேனரைச் சுருட்டிப் பாடை மாதிரி தோளில் வைத்துக்கொண்டு, "எங்கள வுட்டுப் போறியே எட்வினு" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். கோச் திரும்பிப் பார்க்கவில்லை. கோல்கீப்பர் பையன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் முகம் தாமோதரன் நினைவில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் வீட்டுக்குப் போனார். முன்வாசலில் அட்டைப்பெட்டியைக் கொளுத்தி, தோல் விறைக்க மாஸ்டர் பறையை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். செட்டு ஆட்கள் மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கணா. டூட்டிக்குப் போவல?"

"ரெண்டு விஷயம் மாஸ்டர். ஒண்ணு, சாவு அடி கத்துக் குடுக்கணும்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "யார் வூட்டுல?"

"வூட்டுல இல்ல. கிரவுண்டுல." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தாளையும் எடுத்துக் காட்டினார். "இன்னொண்ணு இது. போடவா வேணாமா, நீங்கதான் சொல்லணும். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

மாஸ்டர் தாளை வாங்கவில்லை. பறையைப் புரட்டி மறுபுறம் அனலில் காட்டினார்.

"கத்துக்கணும்னா மொதல்ல கேக்கணும்ணா."

"எத்தினி தடவ கேட்டிருக்கேன் மாஸ்டர். தெருவுல போவும்போதெல்லாம் கேக்கறதுதான?"

"தெருவோரம் நின்னு கேட்டிருக்கீங்க. நடுவுல உக்காந்து கேட்டதில்ல."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசல் நடுவில் போட்டார். "உக்காருங்க. செருப்பக் கழட்டிடுங்க."

தாமோதரன் உட்கார்ந்தார். மாஸ்டர் குனிந்து, ஒரு துணிக் கிழிசலால் அவர் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பிணத்துக்குக் கட்டுவது போலவே, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

"மாஸ்டர், இன்னாது இது?" என்றார் தாமோதரன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சுவரோரம் இருந்தவர்களில் ஒருவர் எழவே இல்லை. "உயிரோட கீறவருக்கு எப்டி மாஸ்டர்? ஆவாது" என்றார்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். எடு."

அடிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் தாமோதரன் கணக்குப் பார்த்தார். எந்த இடத்தில் குச்சி விழுகிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்தார். கொஞ்ச நேரத்தில் கணக்கு விட்டுப்போயிற்று. நாலு பறையும் அவரைச் சுற்றி வந்தன. ஒன்று முதுகுக்குப் பின்னால் போனபோது கழுத்து குறுகுறுத்தது. இவர்கள் தனக்குத் தெரிந்தவர்கள், இது விளையாட்டு, எழுந்து போய்விடலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னது மனசுக்கே எட்டவில்லை.

தெருவில் வண்டியில் வந்த ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றினார். குழாயடியில் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யார் போனது என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பார்வை தாமோதரன் மேல் வந்து நின்றது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இருக்கேம்மா என்று சொல்ல நினைத்தார் தாமோதரன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கால் சில்லிட்டு, அந்தக் குளிர் முழங்கால் வரை ஏறியது. தன் மனைவி எந்தப் பக்கம் விழுந்து அழுவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்ட முடியவில்லை.

பறை நின்றது. தெரு அதன் பாட்டுக்குப் போனது. வண்டிக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார்.

மாஸ்டர் குனிந்து கால்கட்டை அவிழ்த்தார். "அவுத்தாச்சுணா. எந்திரிங்க."

தாமோதரன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார். இடுப்பு எழுந்தது, கால் வரவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "கால் வரல மாஸ்டர்" என்றார்.

"தண்ணி குடிங்க. எவ்ளோ நேரம் அடிச்சிருப்போம்?"

"கால் மணி நேரம் இருக்குமா?"

"ரெண்டு நிமிஷம்ணா."

தாமோதரன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"நேத்து நீங்க எவ்ளோ நேரம் அடிச்சீங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"மேட்ச் முடியற வரைக்கும் அடிச்சேன். ஒரு பதினஞ்சு நிமிஷம்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. எழுபத்தஞ்சு வரைக்கும் ஒரு கோல், அதுக்கப்பறம் பதினஞ்சு நிமிஷத்துல மூணு. டில்லி கணக்குச் சொன்ன அதே பதினைந்து நிமிஷம். ஒரு கடையே உட்கார்ந்து யோசித்தும் காரணம் தெரியாமல் எழுந்து போன பதினைந்து நிமிஷம்.



"பசங்களுக்கு அடிக்கல மாஸ்டர்" என்றார். "சத்தியமா பசங்களுக்கு அடிக்கல. கோச்சுக்குன்னுதான் அடிச்சேன்."

மாஸ்டர் நெருப்பை மிதித்து அணைத்தார்.

"அப்போ கோச்சு பேர்ல தப்பே இல்லியா? அவர அனுப்பறதா, வெச்சுக்கறதா? நீங்க சொல்றத செய்யறேன்."

"கோச்சு கெட்டிக்காரரா, இல்லியா, எனக்குத் தெரியாதுணா. பந்தாட்டம் நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது இந்த அடி ஒண்ணுதான். இருவது வருஷமா அடிக்கறேன். நான் யாருக்காக அடிச்சேனோ, அவங்க ஒருத்தர்கூட அதக் காதால கேட்டதில்ல."

பறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க அடிச்சத பதினோரு பேரு கேட்டிருக்காங்க."